பாசித் தொட்டிக்கு நான் கொடுத்த இடம்

மழைக்காலத்தில் சித்திரபுரத்துப் பெண்களுக்கு முதல் வேலை பாசி சுரண்டுவது. சோறு ஆக்குவதெல்லாம் அப்புறம். வாசல்படி, துவைக்கிற கல், தண்ணீர்த் தொட்டியின் விளிம்பு என்று எங்கே பார்த்தாலும் பச்சை ஏறிவிடும். தகரத்தால் சுரண்டி, சாம்பல் போட்டுத் தேய்த்து நிமிர்ந்தால், முதலில் சுரண்டிய படி மறுபடியும் வழுக்கும். நான் கம்பத்து வெயிலில் வளர்ந்தவள். பாசி பிடித்த வாசல் ஆளில்லாத வாசல் என்பாள் என் அம்மா. எழுபதுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகி அந்த மலைக்குப் போன நாளிலிருந்து நான் பாசியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

எனக்கு வாய்த்த மனுஷன் ஒருநாள் சாயங்காலம் அதே பாசியை ஈரத்துண்டில் பொதிந்து வீட்டுக்குள் கொண்டுவந்தார்.

பள்ளிவாசல் பவர்ஹவுஸில் பேட்டரி அறையில் அவருக்கு வேலை. அங்கே பழைய பேட்டரிகளுக்குக் கனத்த கண்ணாடிப் பெட்டிகள் இருந்தன. கழித்துப்போட்ட ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து, சோடாக்காரம் போட்டுக் கழுவி, ஆசிட் வாடை போகும்வரை ஓடையில் அமுக்கி வைத்திருந்தார். அரைக்குடம் தண்ணீர்கூடக் கொள்ளாது. அதில் ஆற்றுமணல் பரப்பி, ஓடைக்கல் அடுக்கி, செடி வளர்க்கப்போகிறாராம்.

"ஏங்க, வெளிய கெடக்குற பாசியச் சொரண்டிச் சொரண்டி என் கையி தேஞ்சு போச்சு. நீங்க அதத் தூக்கி உள்ள வைக்கிறீங்க. வேலியில போற ஓணான எடுத்து வேட்டிக்குள்ள விட்ட கதையால்ல இருக்கு?"

"வேட்டிக்குள்ள விடல புள்ள. கண்ணாடிக்குள்ளதான விடுறேன்."

ஜன்னலோரம் வைக்கட்டுமா என்று கேட்டார். அந்த மின்சார போர்டு குவார்ட்டர்ஸில் உருப்படியான ஜன்னல் ஒன்றே ஒன்று. மற்றது மண்திட்டைப் பார்த்தபடி இருக்கும். அந்த ஒரு ஜன்னலில் என் தையல் மிஷின் கிடந்தது. பக்கத்து வீட்டு ஜாக்கெட்டுகளெல்லாம் அந்த வெளிச்சத்தில்தான் தைத்தாக வேண்டும். முடியவே முடியாது என்றேன். அடுப்படிக்குப் போகிற வழியில், அரிசி டின்னுக்குப் பக்கத்தில், பட்டப்பகலிலும் தடவிப் போகிற மூலை ஒன்று இருந்தது. அங்கே ஒரு தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்து, "இந்தா இருக்கு ஒங்க தோட்டம்" என்று காட்டினேன். கோபத்தில் கொடுத்த இடம்தான் அது.

"நல்ல எடம் புள்ள" என்றார்.

அவர் எதையும் நல்லது என்றுதான் சொல்வார். ஒருமுறை ரசத்தில் உப்புப் போட மறந்துவிட்டேன். இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டு, நல்லாருக்கு புள்ள என்று எழுந்து போனார். நான் வாயில் வைத்த பிறகுதான் தெரிந்தது. நான் தைத்துக் கெடுத்த சட்டையைக்கூட ஒரு வருஷம் போட்டார். அதிலிருந்து அவர் நல்லது என்று சொல்வதை நான் கணக்கிலேயே எடுத்துக்கொள்வதில்லை.

முதலில் கொண்டுவந்த செடிகள் அந்த மூலையில் அழுகிப்போயின. அவர் என்னைக் குறை சொல்லவில்லை, இடமும் மாற்றவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஓடையோரமாக மேலே ஏறிப் போனார். வெயிலே படாத பாறை இடுக்கிலும், மரம் கவிந்த பள்ளத்திலும் எது பச்சையாக இருக்கிறதோ அதை மட்டும் எடுத்து வந்தார். கல்லில் ஒட்டிய கரும்பச்சைப் பாசி ஒன்று. அடிப்பக்கம் பழுப்பாக இருக்கிற நீள இலைச் செடி ஒன்று. வேரால் கல்லைக் கவ்விக்கொள்ளும் சின்னப் பெரணி இரண்டு. பெரணியின் வேரை மணலில் புதைத்தால் அழுகிவிடும் என்று கண்டுபிடித்து, என் தையல் நூலைக் கேட்டு வாங்கிக் கல்லோடு சேர்த்துக் கட்டினார். வெள்ளை நூல் கொடுத்தேன். வெளியே தெரியுதே என்று தயங்கினார். திட்டிக்கொண்டே பச்சை நூல் எடுத்துக் கொடுத்தேன்.

மீன் ஒன்று விட்டார். அது மறுநாளே துள்ளி அரிசி டின்னுக்குப் பின்னால் விழுந்து செத்தது. அதற்குப் பிறகு மீன் வேண்டாம் என்றுவிட்டார். வருகிறவர்களெல்லாம் குனிந்து பார்த்துவிட்டு, "மீன் எவிடே சேச்சி?" என்று என்னைத்தான் கேட்பார்கள். மீன் இல்லாத மீன்தொட்டிக்கு நான் என்ன பதில் சொல்ல? "மீன் லீவுல போயிருக்கு" என்பேன்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. நான் வேண்டாத சாமி இல்லை. அந்தக் குவார்ட்டர்ஸில் என்னைக் கேட்காத வாயும் இல்லை. அவர் ஒருவர்தான் கேட்காதவர்.

ஆடி மழையில் வெளியே வெள்ளையைத் தவிர வேறு ஒன்றும் தெரியாது. துணி காயாது, பேச ஆள் வராது. அப்படி ஒரு மத்தியானம் அரிசி எடுக்கப் போனவள் அந்தத் தொட்டியின் முன்னால் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டேன். கல்லோடு வந்த நத்தை ஒன்று கண்ணாடியில் ஊர்ந்து ஏறிக்கொண்டிருந்தது. பெரணியில் புது இலை ஒன்று சுருட்டிய பாய்போல எழுந்து நின்றது. அடுப்பில் சோறு குழைந்ததுகூடத் தெரியவில்லை. அதன்பிறகு அது எனக்குத் தினப்படி பழக்கமாகிவிட்டது. அவர் வருவதற்குள் எழுந்துவிடுவேன். எனக்கும் வீம்பு உண்டே.

மனசு கேட்காமல் ஒருநாள் நானே சொன்னேன். "மிஷின இங்கிட்டு நகட்டிக்கிறேன். தொட்டிய ஜன்னல்ல வைங்க. அதுவும் உசுருதான, வெளிச்சம் வேணாமா?"

"வேணாம் புள்ள. நீ குடுத்த எடந்தான் இதுக்கு ஒத்துக்கிருச்சு."

உப்பில்லாத ரசத்தை நல்லாருக்கு என்ற அதே குரல். என் மனசு நோகக்கூடாது என்று சொல்கிறார், எனக்குத் தெரியாதா? இந்த மனுஷனுக்கு ஒரு ஜன்னல் கொடுக்க மனசு வரவில்லையே என்று அன்றைக்குத் தனியாக அழுதேன்.

அடுத்த மழையில் அவருக்குச் சளி நெஞ்சில் கட்டிக்கொண்டது. கஷாயத்துக்கு அடங்காமல் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தவர், நான் கஞ்சி ஊட்டும்போது என் கையைப் பிடித்து நிறுத்திச் சொன்னார்.

"எனக்கு நீ ஒரு கொறையும் வைக்கல புள்ள."

"சும்மா கெடங்க. பேசுனா இருமல் வரும்" என்றேன். இரண்டு நாளில் போய்விட்டார்.

குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். குமுளியில் ஏலக்காய்க் கடையில் வேலை பார்த்த என் அண்ணன் வந்தான். அவனுக்கு வீடு கம்பத்தில். மிஷினையும் பாத்திரங்களையும் லாரியில் ஏற்றிவிட்டான். தொட்டியை நான் தரவில்லை. தண்ணீரை நாலுவிரல் மட்டும் விட்டு, ஈரத்துண்டு போர்த்தி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தேன். குமுளியிலிருந்து மலை இறங்குகிற பஸ்ஸில் கண்டக்டர் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, ஊறுகாயா?" துண்டை இன்னும் இழுத்து மூடிக்கொண்டேன். ஒவ்வொரு வளைவு இறங்கும்போதும் கண்ணாடி கையில் சூடாகிக்கொண்டே வந்தது.

அண்ணன் வீட்டில் எனக்கு ஒரு அறை ஒதுக்கினார்கள். அதில் தெருவைப் பார்த்த பெரிய ஜன்னல். மிஷினை உள்ளே இருட்டில் போட்டேன். ஜன்னல் திண்டைத் துடைத்து, தொட்டியை அங்கே வைத்தேன். கம்பத்து வெயில் தண்ணீருக்குள் புகுந்து மணல்வரை இறங்கியது. கல்லும் இலையும் அப்படி மின்னி நான் பார்த்ததே இல்லை. "பாத்தீங்களா, ஜன்னல் குடுத்துட்டேன்" என்று வாய்விட்டுச் சொன்னேன். மதினி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

இரண்டு பெரணியில் ஒன்று பயணத்தில் கல்லோடு சாய்ந்திருந்தது. நேராக நிற்கவில்லை. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று, அடுப்படி மூலையில் தண்ணீர்ப் பானையின் கசிவு விழுகிற மண்சட்டியில் போட்டுவிட்டு மறந்துபோனேன்.

முதலில் தண்ணீர் பச்சையாயிற்று. வளர்கிறது என்று சந்தோஷப்பட்டேன். அப்புறம் கண்ணாடியெல்லாம் கொழகொழவென்று படிந்தது. நீள இலைகள் உருகிக் கரைந்தன. கரும்பச்சைப் பாசி வெளுத்து, தொட்டால் கையோடு வந்தது. நத்தை ஓடு மட்டும் மணலில் கிடந்தது. தண்ணீரை மாற்றினேன், கல்லைக் கழுவினேன், இன்னும் வெளிச்சம் படட்டும் என்று ஜன்னல் திரையையும் எடுத்துவிட்டேன். ஜன்னலில் இருந்த பெரணியும் கருகியது. கல்லில் பச்சை நூல் மட்டும் சுற்றியபடி இருந்தது. அவர் போனதற்கு அழாத அழுகையை அந்த நூலைப் பார்த்துத்தான் அழுதேன். தொட்டியைத் தெருவில் கவிழ்த்தேன்.

பொங்கலுக்கு வீட்டைக் கழுவும்போது பானையை நகர்த்தினோம். பின்னால், வெளிச்சமே படாத குளிர்ச்சியில், அந்த மண்சட்டி. கல்லைக் கவ்விக்கொண்டு பெரணி அப்படியே இருந்தது. சாய்ந்திருந்தது நிமிர்ந்து, புதுசாக இரண்டு இலை விட்டிருந்தது.

சட்டியைக் கையில் எடுத்தவள் அந்த ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். நீ குடுத்த எடந்தான் இதுக்கு ஒத்துக்கிருச்சு என்று அவர் உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறார். எனக்காகப் பூசி மெழுகவில்லை. செடியைப் பற்றிச் சொன்னார், அவ்வளவுதான். நான்தான் அதை உப்பில்லாத ரசத்தோடு சேர்த்து வைத்திருந்தேன். அப்படியென்றால் ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துச் சொன்னாரே, அது?

அதையும் நான் நம்பவில்லை. இருமல் வரும் என்று வாயை அடைத்தேன்.

மதினி பதறிப்போய் பக்கத்தில் வந்து குனிந்தாள். "அதான் ஒண்ணு பொழச்சுக் கெடக்குல்ல. பெறகு எதுக்கு இப்பிடி அழுகுற?"

"பொழச்சதுக்குத்தான் மதினி அழுகுறேன்" என்றேன்.