இடது கைக்கு ஒரு த்ராட்டல்

பெட்ரீசியாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். மலேசியாவின் செமோரில், அந்தத் தாமான் குடியிருப்பில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மீன்காரன் அழுகின மீனைத் தள்ளிவிடப் பார்த்தால் தெருக்கோடி வரை கேட்கிற மாதிரி பேசுவாள். பூசையில் பாட்டை இழுத்துப் பாடுகிறவர்களைக்கூட விடமாட்டாள். உள்ளே ஒன்று வைத்து வெளியே ஒன்று பேசத் தெரியாத பிறவி. அவளே ஒரு விஷயத்தை மட்டும் ஒன்றரை வருஷமாக வயிற்றுக்குள் பூட்டி வைத்திருந்தாள்.

அவள் வீட்டுக்காரர் திமோத்தி பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, டாக்டர் அவளை வார்டுக்கு வெளியே கூப்பிட்டார். கால் ஓரளவு தேறும், இழுத்து இழுத்து நடப்பார், ஆனால் வலது கை இனி வராது என்றார். தலையை ஆட்டிவிட்டு உள்ளே வந்தாள். திமோத்தி கோணிய வாயோடு, "என்னா சொன்னாரு?" என்று கேட்டார்.

"மெதுவா வந்துருமாம். நல்லா சாப்புடணுமாம்."

யோசித்துச் சொன்னதில்லை. அப்படி வாயில் வந்துவிட்டது. அன்றைக்கே திருத்தியிருக்கலாம். மறுநாள் திருத்தலாம் என்று விட்டாள். மறுநாள் அவர் கஞ்சியை மடமடவென்று குடிப்பதைப் பார்த்தபிறகு யாருக்கு மனசு வரும்?

திமோத்தி புல் வெட்டுகிறவர். பிறந்தது பக்கத்து எஸ்டேட்டில். ரப்பரை அழித்து எண்ணெய்க்குச் செம்பனை போட்டார்கள். பிறகு அதிலும் பாதியை அழித்து வீடு கட்டினார்கள். அந்த வீடுகளுக்கு நடுவே, ரோட்டோரம், பள்ளிக்கூடத் திடல், கல்லறைத் தோட்டம் என்று தோளில் மிசினை மாட்டிக்கொண்டு முப்பது வருஷம் வெட்டினார். வெயிலில் ஒருநாள் வெட்டிக்கொண்டிருக்கும்போதே சரிந்தார். ஆளைத் தூக்கிக்கொண்டு ஓடினவர்கள் மிசினையும் ஏற்றிக்கொண்டார்கள், மோட்டார் சைக்கிளை மறந்துவிட்டார்கள். மறுநாள் போய்ப் பார்த்தால் மோட்டார் நின்ற இடம் காலி. எந்தப் பாவி எடுத்தானோ.

வீட்டுக்கு வந்த புதிதில், கைக்குப் பயிற்சி சொல்லித்தர வந்த ஒரு பெண், ஊனமுற்றோர் கார்டுக்கு எழுதிப் போடுங்கள், வாழ்நாளுக்கும் உதவும் என்று அவர் முன்னாலேயே சொல்லிவிட்டாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். திமோத்தி அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. பேச்சும் இல்லை, சாப்பாடும் இல்லை. கரண்டியைக் கொண்டுபோனால் உதட்டை இறுக்கிக்கொண்டு சுவரைப் பார்ப்பார். கன்னம் ஒட்டிப்போனது. பெட்ரீசியா மாதாவிடம் அழுதாள், அவரிடம் கத்தினாள். கடைசியில், "அந்தப் புள்ளைக்கு என்னா தெரியும்? பெரிய டாக்டரே சொல்லிட்டாரு, கை வந்துரும்னு. என் மேல சத்தியம்," என்றாள். அதற்குப் பிறகுதான் வாய் திறந்தது. அன்றிலிருந்து அந்தப் பொய்தான் அந்த வீட்டில் சோறு ஊட்டியது.

ஞாயிறு தவறாமல் ஒரு வேலை உண்டு. பூசை முடிந்து வந்ததும் அவள் மிசினை வெளியே எடுத்து வாசல் அஞ்சடித் திண்ணையில் வைக்கவேண்டும். "சும்மா கெடந்தா எஞ்சின் புடிச்சிக்கும் பெட்ரீ. நா திரும்பப் போறப்ப மக்கர் பண்ணும்." அவர் நாற்காலியில் உட்கார்ந்து சொல்வார், அவள் செய்வாள். பிளக்கைக் கழற்றித் துடைப்பாள், பெட்ரோலில் எண்ணெய் கலப்பாள், கயிற்றை இழுப்பாள். எஞ்சின் உறுமியதும் அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். அந்த வீட்டில் அவர் முகம் தெளிகிற நேரம் அதுதான்.

பெட்ரீசியா பிஸ்கட் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் வேலை பார்த்தாள். ஆள்களை ஏற்றிப்போகிற வேன் ஒருநாள் நின்றுபோனது. இனி அவரவர் வழியைப் பார்த்துக்கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அவளிடம் லைசென்சும் இல்லை, மோட்டாரும் இல்லை. பஸ் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. பழைய இரும்புக் கடையில் ஒரு பெண்கள் சைக்கிளை எடுத்து மிதித்துப் பார்த்தாள். நடுவில் ஒரு மேடு இருக்கிறதே, அது முட்டியைத் தின்றுவிட்டது. முட்டி பலாக்கொட்டை மாதிரி வீங்கியது. வேலைக்கு நேரம் பிந்திப் பிந்தி, சூப்பர்வைசர் ஒருநாள் எல்லார் முன்னாலும், "அக்கா, முடியலன்னா வீட்டுல இருந்துடுங்க," என்று சொல்லிவிட்டான். வீட்டில் இருந்தால் அடுப்பு எரியுமா? மகள் ஷார்மேன் ஜொகூரில் தன் குடும்பத்தையே இழுத்துப்பிடித்துக்கொண்டிருக்கிறாள், அவளிடம் எத்தனை தடவைதான் கேட்பது?

அந்த ஞாயிறு எஞ்சினை முடுக்கிவிட்டு, அது உறுமுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வீட்டில் இருந்த எஞ்சின் அது ஒன்றுதான்.

புல் வெட்டும் எஞ்சினைச் சைக்கிளில் மாட்டுவது பெரிய வித்தை இல்லை. நீளக் குழாயைக் குட்டையாக அறுக்கவேண்டும். உள்ளே சுழல்கிற கம்பியின் முனையில் கத்திக்குப் பதிலாக ஓர் இரும்பு உருளை. எஞ்சினைப் பின்சக்கரத்துக்கு மேலே உட்காரவைத்தால் உருளை டயரை உரசித் தள்ளும். எஸ்டேட்டில் அந்தக் காலத்து ஆள்கள் செய்து ஓட்டியதை அவளே பார்த்திருக்கிறாள். ஆனால் குழாயை அறுத்துவிட்டால் அது புல் வெட்டும் மிசின் இல்லை. அறுத்ததைத் திரும்ப ஒட்டமுடியாது. அது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். திமோத்தி குழாயைத் தடவிப் பார்த்தார்.

"அறுத்துட்டா நா எத வச்சி வேலைக்குப் போவேன்?"

"கை வர்றப்ப புதுசு வாங்கிக்கலாங்க. இப்பலாம் எடை கம்மியா வந்துருக்கு."

அவர் உதட்டை இறுக்கினார். அந்த உதட்டை அவளுக்குத் தெரியும். கஞ்சிக் கரண்டியோடு அவர் முன்னால் மண்டிபோட்ட நாளெல்லாம் ஒரு நொடியில் வந்துபோனது. இரண்டாவது பொய்யும் அப்படியே வாயில் வந்தது.

"இது எனக்கு மட்டுமா செய்றேன்? ஒங்களுக்கும்தான். வேகம் முடுக்குற த்ராட்டல எடது பக்கம் வக்கிறேன். அந்தக் கை நல்லாத்தான இருக்கு? கொஞ்சம் தேறுனதும் நீங்களே ஓட்டிக்கிட்டு ஜெயபாலன் கடைக்குப் போயி குந்தலாம்."

அவர் தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "அளந்து அறு. ஒரு சாண் விட்டு அறு," என்றார்.

ஜெயபாலன் அந்தத் தாமான் முனையில் ஜிங்குத் தகரக் கூரைக்குக் கீழே மோட்டார் பழுது பார்க்கிறவர். திமோத்தியோடு ஒன்றாகப் புல் வெட்டியவர்தான். இரும்பு அறுப்பதும் உருளையைப் பற்றவைப்பதும் அவர் வேலையாயிற்று. பிடிப்புச் சட்டம் வைப்பது, போல்ட் முறுக்குவது, பெட்ரோல் டப்பா கட்டுவது எல்லாம் பெட்ரீசியாவே செய்தாள். ஒரு வருஷத்துக்கு மேல் அந்த எஞ்சினைத் துடைத்தவளுக்கு அதன் உள்ளும் வெளியும் அத்துப்படி. த்ராட்டலுக்கு வந்தபோதுதான் தகராறு.

"என்னாக்கா இது, ஒலகத்துல இருக்குற வண்டிக்கெல்லாம் வலது பக்கம்லா," என்றார் ஜெயபாலன்.

"என் வீட்டு வண்டிக்கு எடது பக்கம். மாட்டு."

"எடது பக்கம் பிரேக் பிடி இருக்கு. முன் பிரேக் செத்துப்போச்சி, வேலை செய்யிறது அது ஒண்ணுதான். அத வலது பக்கம் மாத்தணும், பரவாயில்லையா?"

"மாத்து. எனக்குக் கை ரெண்டும் நல்லாத்தான இருக்கு."

அவர் மாற்றினார். அவளும் பக்கத்தில் நின்று ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தாள். நல்லா இறுக்கு என்று வேறு சொன்னாள்.

வண்டி ஓடியது. சத்தம் இருக்கிறதே, தெருநாய்கள் எல்லாம் கூடவே ஓடின. சைக்கிளில் எஞ்சின் மாட்டி ரோட்டில் போவதைச் சட்டம் விடாது என்று ஜெயபாலன் சொன்னதால், செம்பனைக் காட்டுக்குள்ளேயே புகுந்து போனாள். மேட்டில் மட்டும் இரண்டு மிதி மிதிக்கவேண்டும். வேலைக்கு முதல் ஆளாகப் போய் நின்றாள். சூப்பர்வைசர் வண்டியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், வாயை மூடிக்கொண்டு போனான். பெட்ரீசியாவுக்கு அன்று முழுக்க மனசு குளிர்ந்து கிடந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு அப்படி ஒரு நாள்.

வீட்டில் நடந்ததுதான் அவள் எதிர்பார்க்காதது. திமோத்தி ஆளே மாறிப்போனார். இடது கையால் தானே சவரம் செய்தார். சோறு இன்னும் கொஞ்சம் போடு என்றார். சாயங்காலம் வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டதும் கோலை ஊன்றிக்கொண்டு வாசலுக்கு வந்து நிற்பார். உருளை வழுக்குதா, பிளக்கு கருக்குதா என்று வேலை முடிந்து வந்தவளை உலுக்கி எடுப்பார். நாற்காலியில் சும்மா இருக்கும்போது அவருடைய இடது கை நாற்காலிப் பிடியை அழுத்தி அழுத்தி விடும். த்ராட்டல் பழகுகிறார் என்பது தெரிந்ததும் அவள் அடுக்களைக்குள் போய்விட்டாள்.

"எப்ப எனக்கு?" என்று கேட்பார்.

"ஈஸ்டர் போவட்டுங்க." ஈஸ்டர் போனது. "மழை விடட்டுங்க." மழையும் விட்டது. "கால் இன்னும் கொஞ்சம் நிக்கட்டும்." சிரித்துக்கொண்டே சொல்வாள். பொய் சொல்கிறவளுக்குச் சிரிப்பு எங்கிருந்துதான் வருமோ, வந்தது.

கோயில் திருவிழா ஞாயிறு. கூட்டத்தில் நிற்கமுடியாது என்று திமோத்தி வீட்டில் இருந்துகொண்டார். பக்கத்து வீட்டார் காரில் அவளை ஏற்றிக்கொண்டு போனார்கள். பூசை முடிந்து, சாப்பாட்டைப் பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டு வந்து இறங்கினால், கதவு திறந்திருந்தது. வண்டி இல்லை. சுவரில் ஆணியில் தொங்கிய மிசின் தோள்வாரும் இல்லை.

அவள் தெருவில் இறங்கி ஓடும்போதே ஜெயபாலன் எதிரே வந்தார். சட்டையெல்லாம் சேறு.

"பயப்படாதக்கா, உசுருக்கு ஒண்ணுமில்ல. ஆம்புலன்ஸ் வந்துருச்சி."

நடந்ததை அவர்தான் சொன்னார். கடை வாசலில் நின்றிருக்கிறார். வண்டிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தால் திமோத்தி அண்ணன். வலது கை நழுவாமல் இருக்க அந்தத் தோள்வாரால் ஹேண்டில்பாரோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். நேராக, நன்றாகத்தான் ஓட்டிவந்தார். ஜெயபாலனைப் பார்த்துச் சிரித்தார். கடை வாசலில் நிறுத்தத்தான் த்ராட்டலை விட்டார். அதற்கு அந்தப் பக்கம் இறக்கம். எஞ்சின் அடங்கியும் வண்டி நிற்கவில்லை. இடது கை பிரேக்கைத் தேடியது. அங்கே பிரேக் இல்லை. வலது கை விரல்கள் பிரேக் பிடி மேலேயே கிடந்தன, மடங்கவில்லை. இறக்கத்தின் அடியில் பெரிய கால்வாய்.

"நாந்தான்கா மாத்துனேன்," என்று ஜெயபாலன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பெட்ரீசியா அவரைத் திட்டவில்லை. மாத்து என்று சொன்ன வாய் எதுவென்று அவளுக்குத் தெரியாதா?

இடது முழங்கை நொறுங்கியிருந்தது. கம்பி வைத்துக் கட்டினார்கள். பழைய மாதிரி மடக்க நீட்ட வருமா என்பதைப் பிறகுதான் சொல்லமுடியும் என்றார்கள். இந்தத் தடவை டாக்டர் அவளை வெளியே கூப்பிடவில்லை, கட்டில் பக்கத்திலேயே நின்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் அவள் கஞ்சி கொண்டுபோனாள். இரண்டு கையும் இரண்டு பக்கம் கிடக்க, திமோத்தி மல்லாந்து படுத்திருந்தார். முதல் கரண்டியை வாங்கிக்கொண்டார். இரண்டாவதையும் வாங்கிக்கொண்டார். கோபமே இல்லை.

"வண்டி நல்லா ஓடுது பெட்ரீ. நல்லா செஞ்சிருக்க."

"பேசாம குடிங்க."

"மூஞ்சில காத்து பட்டு எவ்வளவு நாளாச்சி." பிறகு தொழிலாளி இன்னொரு தொழிலாளியைக் கேட்கிற மாதிரி கேட்டார். "பிரேக்க ஏன் அந்தப் பக்கம் வச்ச?"

"எடது பக்கம் த்ராட்டல் வந்துருச்சில்ல. எடம் இல்ல."

அவர் அதையே யோசித்துக்கொண்டிருந்தார். எஞ்சின் சத்தத்தில் கோளாறு தேடுவாரே, அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். பெட்ரீசியா கஞ்சியைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"இல்ல," என்றார். "நா ஓட்டுவேன்னு நீ நெனச்சிருந்தா பிரேக்கு இந்தச் செத்த கைப் பக்கம் போயிருக்காது."

அவள் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள்.

"அப்ப, இந்தக் கை வராதுன்னு ஒனக்குத் தெரியும். டாக்டர் அன்னிக்கே சொல்லிட்டாரு. அதான?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம், இன்னொரு சத்தியம் செய்திருக்கலாம். முடியவில்லை. "ஆமாங்க," என்றாள். அதைச் சொன்னபோது அழுகைகூட வரவில்லை. அவர் திட்டட்டும் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தால் பரவாயில்லை.

திமோத்தி தலையை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அடுத்த கரண்டியை அவர் உதட்டருகே கொண்டுபோனாள். "வாயத் தொறங்க," என்றாள். கஞ்சி அவர் தாடையில் வழிந்து கழுத்துக்குப் போனது. துடைக்க அவருக்குக் கை இல்லை. அவள்தான் துடைத்துவிட்டாள், மறுபடியும் கரண்டியை நீட்டினாள்.

"வாயத் தொறங்க. என்னாங்க. கொஞ்சூண்டு."

அவர் உதட்டை இறுக்கிக்கொண்டிருந்தார்.