ஓட்டைக்கைக்காரி

'ஓட்டைக்கை' என்பது பிறந்த வீட்டில் வைத்த பட்டப்பெயர். புகுந்த வீட்டுக்கும் அது அவளோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. தம்ளர் உடைந்தாலும் மிக்சி நின்றாலும் பழி அவள் கைக்குத்தான். வீட்டுப் பாத்திரம் முழுவதையும் கழுவுகிறவள் கையில்தானே பாத்திரம் உடையும்? கழுவாதவர் கையில் உடைய வழியே இல்லை. இதை அந்த வீட்டில் ஒருவரும் யோசித்ததில்லை. கேட்டுக் கேட்டு அவளே நம்பிவிட்டாள்.

பிள்ளைகள் வளர்ந்த பிறகு ஆஸ்பத்திரிச் சோதனைக்கூடத்தில் அவளுக்கு ஒரு வேலை கிடைத்தது. கண்ணாடிக் குழாய்களைக் கழுவி அடுக்க வேண்டும். திங்கட்கிழமை சேரச் சொன்னார்கள். சனிக்கிழமை அவள் பால் சூடாக்கும்போது மைக்ரோவேவ் ஓவன் 'டப்' என்று செத்துப்போனது.

கணவர் கெட்டவரல்ல. வங்கிக் காசாளர். போன இடத்தில் பெண்டாட்டி பேச்சு வாங்கக் கூடாதே என்ற கவலை. "இரும்புப் பெட்டியே உன் கையில தாங்கல. அங்க அத்தனையும் கண்ணாடி. வேணாம்மா, வரலைன்னு சொல்லிடு" என்றார். ஓவனைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று அவள் ஒருநாள் தள்ளிப்போட்டாள்.

ஞாயிறு காலை கொழுந்தன் வந்தான். மோட்டார் மெக்கானிக். பிளக்கைப் பிடுங்கி, ஓவனைச் சாப்பாட்டு மேசையில் வைத்து மூடியைக் கழற்றினான். பிளக் இல்லாவிட்டாலும் உள்ளே கரண்ட் தங்கியிருக்கும், யாரும் கிட்டே வராதீர்கள் என்று சொல்லி முதலில் அதை இறக்கினான். பியூஸ் கருகியிருந்தது. புதிதை மாட்டி, மூடியைப் பூட்டி, ஒரு கோப்பைத் தண்ணீரை வைத்து ஓட்டினான். விளக்கு எரிந்தது; தட்டு சுற்றியது. அவள் கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு தள்ளியே நின்றாள்.

கணவருக்குப் பொறுக்கவில்லை. தண்ணீர் சுட்டதா பார்க்கலாமென்று, ஓடும்போதே கதவை வெடுக்கென்று இழுத்தார்.

டப்.

"அண்ணே, உங்க கைக்கு என்ன பேரு வைக்கலாம்?" என்றான் கொழுந்தன்.

அவள் சிரிக்கவில்லை. நேற்றும் இவர் அவசரப்படுத்தியதால் பாதியில் கதவைத் திறந்தது நினைவுக்கு வந்தது. "தம்பி, ரெண்டு தடவையும் கதவைத் திறந்ததும்தான் போச்சு. கதவுகிட்ட ஏதாச்சும் இருக்கா?"

இருந்தது. கதவு திறந்தால் கரண்டை நிறுத்த வேண்டிய சுவிட்ச் உருகி ஒட்டிப்போயிருந்தது. அப்படி ஒட்டிவிட்டால் பியூஸைப் பலிகொடுத்து ஓவனை நிறுத்தும் ஏற்பாடு உள்ளேயே உண்டு. யார் திறந்தாலும் போகும். இதில் கைராசிக்கு என்ன வேலை?

கடைக்குப் போய் அதேமாதிரி சுவிட்சும் இன்னொரு பியூஸும் வாங்கி வந்து மாட்டினான். யாராவது பாதியில் திறந்து பாருங்கள் என்றான். கணவர் அசையவில்லை. அவள்தான் முந்தானையிலிருந்து கையை எடுத்துக் கதவைத் திறந்தாள். ஓவன் சத்தமில்லாமல் நின்றது. மூடிவிட்டுப் பட்டனை அழுத்தினாள். ஓடியது.

"நாளைக்கு எத்தனை மணிக்குப் போகணும்?" என்று கேட்டார் கணவர்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஒரு குழாய் நழுவி உடைந்தது. சில்லுகளைப் பொறுக்கியவளுக்கு, அவற்றைப் போட மூலையில் ஒரு டப்பா இருப்பதைப் பக்கத்திலிருந்தவள் காட்டினாள்.

மூடியைத் திறந்தாள். அவள் வருவதற்கு முன்பே அது பாதி நிறைந்திருந்தது.