இனிப்பு நீருக்கும் உவர் நீருக்கும் நடுவில்

எங்கள் வீட்டுக் கிணற்றைக் கெடுத்ததும் காப்பாற்றியதும் ஒரே இறைவசனம்தானா? என் கணவரின் வாப்பா, என் மாமா, மறைந்து இரண்டு நோன்பு மாதங்கள் கடந்துவிட்டன. இன்னும் எனக்கு விடை தெரியவில்லை.

மாமாவை நினைத்தால் அவர் நீட்டும் கிணற்றுத் தண்ணீர்க் கிளாசுதான் முதலில் தெரியும். விருந்தினருக்குத் தேநீருக்கு முன்னால் அதைத்தான் கொடுப்பார். "குடிச்சுப் பாருங்கோ. கடல் கூப்பிடு தூரம். இது இளநி மாதிரிக் கிடக்கு." பிறகு, இனிப்பு நீருக்கும் உவர் நீருக்கும் இடையில் இறைவன் தடுப்பு வைத்திருப்பதைச் சொல்லும் வசனத்தை ஓதிப் பொருள் சொல்வார். "விஞ்ஞானி இப்பத்தான் கண்டுபிடிச்சவன். எங்கட கிதாபில எப்பவோ இருக்கு."

போரில் வெளியேற்றப்பட்டு, பல வருடங்களுக்குப் பிறகு புத்தளத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. எங்கள் ஒழுங்கையில், அந்தக் குறுந்தெருவில், மற்றக் கிணறுகள் கல்லும் குப்பையுமாய்த் தூர்ந்து கிடந்தன. சில தூர் எடுத்து மோட்டர் போட்டு இறைத்த கொஞ்ச நாளில் உவர்த்து, குளிக்கத் துவைக்க மட்டும் ஆயின. எங்களுடையது மட்டும் நல்ல தண்ணீர். அயலவருக்குத் தர்மம், சதக்காவாக இருக்கட்டும் என்று மாமா வாசல் படலை வரை குழாய் இழுத்து, விடிந்ததிலிருந்து பொழுதுபடும் வரை மோட்டரை ஓடவிட்டார். உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படித்தவள் நான். சுண்ணாம்புக் கல்லுக்குள் மழைநீர் உப்பு நீரின் மேல் மிதக்கிறது, அளவுக்கு மிஞ்சி உறிஞ்சினால் கீழே உள்ளது மேலே வரும் என்று மெல்லச் சொன்னேன். அவர் சிரித்தார். "அல்லாஹ் வைச்ச தடுப்பை ஒரு சின்ன மோட்டர் உடைக்குமோ, மகள்?" அதற்கு மேல் அவரோடு நான் வாதாடவில்லை. பேசினால் மோட்டரைச் சந்தேகிக்கிறேனா, கிதாபையே சந்தேகிக்கிறேனா என்று எனக்கே பயமாக இருந்தது.

அந்த வருடம் மாரி பொய்த்தது. கைக்குழந்தையான என் மகளுக்கு அப்போதுதான் தண்ணீர் பருக்கப் பழக்கியிருந்தேன். கொதிக்க வைத்து ஆறவிட்ட தண்ணீரை அவள் வாயிலிருந்து தள்ளிவிட்டாள். கேத்தலில்தான் பிழை என்று தேய்த்துக் கழுவி மறுபடியும் கொதிக்க வைத்தேன். பிறகு நானே வாயில் வைத்துப் பார்த்தேன். உப்புக் கரித்தது.

மாமாவிடம் சொன்னேன். அவரே வாளி விட்டு அள்ளி, ஒரு மிடறு குடித்தார். துப்பவில்லை. படலையில் தண்ணீர் பிடிக்கும் கானோடு நின்ற பக்கத்து வீட்டு அண்ணன், நானா, "ஹாஜியார், உங்கட தடுப்பில ஓட்டை போலக் கிடக்கு" என்றார். கூட நின்றவர்கள் சிரித்தார்கள். மாமா அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்து, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "நீங்கள் படிச்சதை இன்னொருக்காச் சொல்லுங்கோ, மகள்."

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் அவர் பள்ளிவாசலில் எழுந்து பேசியதைக் கணவர் வந்து சொன்னார். "தடுப்பு இருக்கெண்டு அல்லாஹ் சொன்னவன். அது எங்களிட்ட நம்பித் தந்த அமானிதம். நாங்கள் மோட்டர் போட்டு உறிஞ்சி அதை உடைக்கிறம்." எங்கள் மோட்டரை அன்றே கழற்றினார். ஒழுங்கையில் மற்றவர்களும் கழற்றி வாளிக்குத் திரும்பினார்கள். அயல் பெண்களிடம் நான் எத்தனையோ முறை சொல்லியும் நடக்காத காரியம். அடுத்த மாரிக்குப் பிறகு தண்ணீர் மெல்ல மெல்லத் தெளிந்து இனித்தது.

வசனம் மாறவில்லை. முதலில் பயப்படத் தேவையில்லை என்று அதில் வாசித்தவர், பிறகு பயந்து நடக்க வேண்டும் என்று வாசித்தார். அப்படியானால் அறிவு வசனத்தில் இருந்ததா, எங்கள் கிணற்றில் இருந்ததா? நான் படித்த பாடம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு மோட்டரையும் அதனால் நிறுத்த முடியவில்லை. இப்படி எண்ணுவதே குற்றமோ என்று தொழுகைப் பாயில் இருக்கும்போதும் மனம் அலைகிறது.

இப்போது மகள் மூன்றாம் வகுப்பு. பள்ளிக்கூட மீலாத் விழாவுக்குக் குர்ஆனும் விஞ்ஞானமும் என்று பேச வேண்டுமாம். "உம்மா, விஞ்ஞானிமார் எல்லாத்தையும் குர்ஆனைப் பார்த்துத்தான் எடுத்தவை எண்டு எழுதித் தாங்கோ. மிஸ் அப்பிடித்தான் சொன்னவ" என்கிறாள். அப்படி எழுதினால் கைதட்டுவார்கள். ஆனால் ஒரு நாள் அவளும் ஏதோ ஒரு தண்ணீரை வாயில் வைத்துப் பார்ப்பாள்; அது கரித்தால் எதைக் கைவிடுவாள்? எழுதாமல் விட்டால், அவளுடைய ஈமானில், அந்த நம்பிக்கையில், முதல் விரிசல் என் கையால் விழுந்ததாகிவிடுமோ? நான் எழுதித் தருவதை அவள் அப்படியே நம்புவாள். பிள்ளை வளர்த்தவர்களே, ஓதியவர்களே, படித்தவர்களே, அந்தப் பேச்சின் முதல் வரியாக நான் என்ன எழுதட்டும்?