லேமினேட் செய்த சான்றிதழோடு சிட்னிக்கு 890 கிலோமீட்டர்

எனக்குத் தெரிந்து, ஜப்பானிய வாளின் பாகங்களைச் சேகரிக்கும் தமிழர்கள் மெல்பனில் இரண்டு பேர். ஒருவன் நான். இன்னொருவர் நேசன். 2012 ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை நாங்கள் இருவரும், அதாவது மொத்தச் சமூகமும், ஒரே காரில் சிட்னிக்குப் போனோம். இதே வேலையாகப் போக நினைக்கும் மூன்றாவது தமிழருக்காக இந்தக் குறிப்பு.

நாங்கள் சேகரிப்பது வாள் அல்ல. வாளுக்கு விலையும் அதிகம், விக்டோரியாவில் அனுமதிக் கெடுபிடியும் உண்டு. அலகுக்கும் கைப்பிடிக்கும் நடுவில், கை வழுக்காமல் இருக்க ஒரு தகடு இருக்கும். உள்ளங்கை அளவு, பெரும்பாலும் இரும்பு, நடுவில் அலகு நுழைய ஒரு துளை. ஜப்பானியர் அதை ட்சுபா என்கிறார்கள். (சுபாவைப் பார்க்க சிட்னி போகிறேன் என்று வீட்டில் அவசரமாகச் சொல்லிவிட வேண்டாம். அனுபவத்தில் சொல்கிறேன்.)

நேசன் நோபல் பார்க்கில் இருப்பவர். ஊரில் வெல்டிங் வேலை பார்த்தவர். படகில் வந்து, தடுப்பு முகாமில் இரண்டு வருடம் இருந்து, விசா கிடைத்து, இப்போது ட்ருகனினாவில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். த பேசின் என்ற புறநகரின் பிள்ளையார் கோயிலில் தேர் அன்றைக்குக் கார்களை ஒழுங்குபடுத்தும்போது பழக்கமானோம். என்னிடம் இரண்டு தகடுகளும் அவற்றைப் பற்றி நாற்பது புத்தகங்களும் இருந்தன. நேசன் புத்தகங்களைப் பார்க்கவே இல்லை. தகட்டைக் கையில் எடுத்து ஓரத்தை விரலால் தடவி, "இதை அடிச்சவன் ஆள்தான்" என்றார். அன்றைக்கு நோய் தொற்றியது.

அந்த வருடம் ஏப்ரலில் டான்டெனாங்கில், இறந்துபோன ஒருவரின் சாமான்கள் விற்பனைக்கு வந்தன. அதில் பறக்கும் இரண்டு காட்டு வாத்துகளை வெட்டியெடுத்த ஓர் இரும்புத் தகடு, 620 டாலர். கூடவே டோக்கியோவில் வாள்களைப் பரிசோதிக்கும் சங்கம் ஒன்று கொடுத்த சான்றிதழ். நேசன் தொலைபேசியில் என்னைக் கேட்டார். நான், நாற்பது புத்தகம் படித்த தோரணையில், "பேப்பர் இருக்குல்ல? அப்போ வாங்குங்க" என்றேன். நேசன் வாங்கினார். மறுநாளே ஸ்பிரிங்வேலில் ஒரு கடைக்குப் போய், நாலரை டாலர் கொடுத்து, சான்றிதழை லேமினேட் செய்தார்.

நம்மவர்களில் இதைப் படித்துவிட்டுச் சிரிப்பவர்கள் தங்கள் பட்டச் சான்றிதழை ஒருமுறை எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரிக்கவும். நேசனுக்குக் கூடுதல் காரணம் இருந்தது. "படகில எல்லாப் பேப்பரும் நனைஞ்சு கூழாப் போச்சுது அண்ணை. பேர்த் சர்ட்டிபிக்கட் மட்டும்தான் தப்பினது. அது லேமினேட் பண்ணிக் கிடந்தது."

கெடுதல் என்னவென்றால், அந்தச் சான்றிதழின் உயிர் அதன் முத்திரையில் இருக்கிறது. தடித்த காகிதத்தில் தகட்டின் புகைப்படத்தை ஒட்டி, படத்தின் ஓரமும் காகிதமும் சேரும் இடத்தில் மையில்லாமல் ஒரு முத்திரையை அழுத்துவார்கள். விரலால் தடவினால் மேடு தெரியும். படத்தை மாற்றினால் மேடு பொருந்தாது. லேமினேஷன் இயந்திரம் அந்த மேட்டை இஸ்திரி போட்டுவிட்டது.

மெல்பனில் வாள் சேகரிப்பவர்களின் சிறிய கழகம் ஒன்று உண்டு. அதன் செயலாளர் கிரெக். நேசன் தகட்டைக் கொண்டுபோய்க் காட்டியபோது கிரெக் பிளாஸ்டிக்கைத் தடவிப் பார்த்து, "எதையோ மறைக்கத்தான் இப்படிச் செய்வார்கள்" என்றார். இரண்டு நாளில் உறுப்பினர் எல்லோருக்கும் மின்னஞ்சல் வந்தது. ஜூலையில் நடக்கும் சிட்னி வாள் கண்காட்சியில் நிபுணர் பார்த்து உறுதிசெய்யும் வரை இந்தப் பொருளையும் இதன் உரிமையாளரையும் கழக மேசையில் அனுமதிப்பதற்கில்லை. "உரிமையாளரையும்" என்ற சொல்லை நேசன் என்னிடம் மூன்று தடவை வாசித்துக் காட்டினார்.

விமானத்தில் போயிருக்கலாம். ஒன்றரை மணி நேரம், அன்றைய விலையில் 89 டாலர். ஆனால் தகட்டைச் சரக்குப் பெட்டியில் போட நேசன் சம்மதிக்கவில்லை. கையில் கொண்டுபோனால் சோதனையில் இது என்னவென்று கேட்பார்கள். சீருடை போட்ட ஒருவரிடம் வாள் என்ற சொல்லைத் தன் வாயால் சொல்ல நேசன் தயாராக இல்லை. எனவே கார்.

காலை ஐந்து மணிக்கு நோபல் பார்க். நேசனின் மனைவி சுதா புட்டும் சம்பலும் கட்டித் தந்தார். "அங்க பொய்யெண்டு சொன்னா விட்டுட்டு வாங்கோ அண்ணை" என்றவர், நான் திரும்பிப் பார்த்ததும், "இரும்பைச் சொல்லுறன்" என்று சேர்த்துக்கொண்டார்.

ஹியூம் நெடுஞ்சாலை நேரானது, நல்லது, தூக்கம் வரவழைப்பது. ஆல்பரி எட்டே முக்கால், மூடுபனி. ஹோல்புரூக் ஒன்பதே முக்கால். கடலிலிருந்து பல நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இந்த ஊரில் சாலையோரப் புல்வெளியில் ஒரு நீர்மூழ்கிக் கப்பல் நிற்கிறது. கட்டணம் இல்லை. நேசன் அதைச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தார்.

"இதுக்குப் பேப்பர் இருக்குமோ அண்ணை?"

"கண்டிப்பா இருக்கும்."

"அப்ப சரி. கடல் இல்லாட்டியும் பரவாயில்லை."

கண்டகாய் என்ற ஊர் பதினொன்றேகால். அங்கே புட்டு முடிந்தது. நேசனின் மடியில் துணியில் சுற்றிய தகடு. கோல்பர்ன் தாண்டும்போது கேட்டார்.

"அந்த நிபுணர் மனுசி பொய்யெண்டு சொன்னா?"

"சொல்ல மாட்டாங்க. நான் படிச்சவரைக்கும்..."

"நீங்கள் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லுறியள். என்னை ரெண்டு வருசம் பேப்பரோட வச்சுப் பார்த்தவங்கள் அண்ணை. பேப்பர் சரி, ஆள் அவன்தானோ எண்டு. இரும்பு போனாப் போகட்டும். கள்ளன் எண்ட பேரோட திரும்பி கழகக்காரற்ற அந்த மண்டபத்துக்குள்ள எப்பிடிப் போறது?"

வாங்கச் சொன்னவன் நான். வேகத்தை மணிக்கு 110-க்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டேன். அது ஒன்றுதான் என் கட்டுப்பாட்டில் இருந்தது.

மாலை நாலே முக்காலுக்கு சிட்னியின் பெண்டில் ஹில். மொத்தம் 890 கிலோமீட்டர், பெட்ரோல் 96 டாலர். மோட்டலில் இரட்டைக் கட்டில் அறை இரவுக்கு 110. கொத்து ரொட்டி 12 டாலர், இரண்டு பேருக்குப் போதும். நேசனுக்கு அன்று பசி இல்லாததால் ஒருவருக்கும் போதும்.

சனிக்கிழமை காலை ரயிலில் ஆஷ்ஃபீல்ட். ஸ்ட்ராத்ஃபீல்டில் மாற வேண்டும், சுமார் நாற்பது நிமிடம். கண்காட்சி ஒரு சமூகக் கூடத்தில், பத்து மணிக்கு, நுழைவு ஐந்து டாலர். கிரெக் தன் தகட்டோடும் அதன் சான்றிதழோடும் விமானத்தில் வந்திருந்தார். அவர் பையில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்டிருக்கவில்லை.

நிபுணரின் பெயர் மார்கரெட். அருங்காட்சியகத்தில் உலோகப் பொருட்களைப் பராமரிப்பவர், ஜப்பானில் பல ஆண்டு படித்தவர். சான்றிதழைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

"யார் செய்த வேலை இது?"

"நான்" என்றார் நேசன்.

"ஏன்?"

"நனையாமல் இருக்க."

மார்கரெட் அவரை ஒரு கணம் பார்த்தார். "நல்ல காரணம். இனிச் செய்யாதீர்கள்" என்று சொல்லி, சான்றிதழைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தகட்டை எடுத்தார். பத்து நிமிடம் காகிதத்தின் பக்கமே திரும்பவில்லை. ஓரங்களை உருப்பெருக்கியில் பார்த்தார், அளந்தார், நடுத் துளையை வெகுநேரம் பார்த்தார். பிறகு சான்றிதழைத் திருப்பி, கைவிளக்கைக் கிடைமட்டமாகப் பிடித்துப் பக்கவாட்டில் ஒளியடித்தார். பிளாஸ்டிக்குக்கு அடியில், படத்தின் ஓரத்தில், பாதி நிலவு போல ஒரு வளையத்தின் நிழல் எழுந்தது. இயந்திரத்தால் முழுவதும் அழிக்க முடியவில்லை.

"முத்திரை இருக்கிறது. ஆனால் நான் அதை நம்பிச் சொல்லவில்லை. இங்கே பாருங்கள்."

வாள் மாறும்போதெல்லாம் துளையைப் புது அலகுக்குப் பொருத்த, மேலும் கீழும் செம்புத் துண்டுகளை அடைத்து உளியால் தட்டுவார்களாம். மேல் செம்பில் நான்கு உளிவெட்டுகள், மூன்றாவது கோணல். புகைப்படத்திலும் நான்கு. மூன்றாவது கோணல். வார்ப்பில் எடுத்த நகலாக இருந்தால் அந்த வெட்டின் விளிம்பு மழுங்கியிருக்கும். இது கூராக இருந்தது. "படத்தில் இருப்பது இதுதான். சான்றிதழ் சொல்வதும் சரி. ஓவாரி வட்டாரக் கொல்லர் மரபு, கையொப்பம் இல்லாதது, பாதுகாக்கத் தகுந்தது."

நேசன் தலையை மட்டும் அசைத்தார். கிரெக் அசையவில்லை. அந்த வளையத்தை எவரும் போலியாகச் செய்யலாம் என்றார். "அப்படியானால் ஒப்பிட்டுப் பார்ப்போம். உங்களுடைய சான்றிதழைத் தாருங்கள்" என்றார் மார்கரெட்.

கிரெக் தந்தார். அழுக்கில்லை, கசங்கலில்லை, அமிலமில்லாத உறைக்குள் அன்றுதான் பிறந்ததுபோல் இருந்தது. கூடவே தன் தகட்டையும் வெல்வெட் துணியில் வைத்தார். யாரும் கேட்காமலேயே. வளையங்கள் இரண்டும் ஒரே அளவு, ஒரே அமைப்பு. அந்த விவகாரம் அத்தோடு முடிந்திருக்கும். நேசன் என் காதருகே குனிந்தார்.

"அண்ணை, அவரின்ர தகட்டு ஓட்டையைப் பாருங்கோ. படத்தில மேலையும் செம்பு கிடக்கு. சாமான்ல கீழை மட்டும்தான்."

"சத்தமா சொல்லுங்க!"

"எனக்கேன். அவ பார்ப்பா."

மார்கரெட் பார்த்தார். படத்தையும் தகட்டையும் மாறி மாறிப் பார்த்தார். கிரெக்கும் இப்போது பார்த்துவிட்டார். செம்பு பிற்பாடு கழன்று விழுந்திருக்கலாம் என்றார். "விழுந்திருக்கலாம். துளையின் வடிவமும் விழுந்துவிடுமா?" என்று கேட்டார் மார்கரெட். சான்றிதழ் அசல்தான். வேறொரு தகட்டினுடையது. ஏழு வருடமாகக் கிரெக் அந்தக் காகிதத்தைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார். தகட்டோடு ஒப்பிட மட்டும் நேரம் கிடைக்கவில்லை.

பன்னிரண்டு மணிக்கு நேசனின் தகடு கழக மேசைக்குப் போனது. மார்கரெட் தன் கையால் அட்டை எழுதினார்: தகட்டின் விவரம், கீழே "உரிமையாளர்: நேசன், நோபல் பார்க்." நேசன் அதன் முன்னால் நாற்பது நிமிடம் நின்றார். பார்க்க வந்தவர்கள் அவரைக் காவலாளி என்று நினைத்திருக்கலாம். நான் வெளியே போய் சுதாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "அப்ப இரும்பையும் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றார். செவ்வாய்க்கிழமை கழகத்தின் மின்னஞ்சல் வந்தது. மூன்று வரி. முந்தைய மின்னஞ்சலில் இருந்த ஒரு சொல்லுக்கு வருத்தம் தெரிவித்திருந்தார்கள். எந்தச் சொல் என்று குறிப்பிடவில்லை. எங்களுக்குத் தெரியும்.

இனி மூன்றாவது தமிழருக்கு. சான்றிதழின் தேதி ஜப்பானிய ஆண்டில் இருக்கும். ஹெய்செய் 8 என்றால் 1988-ஐக் கூட்டி 1996 என்று கொள்ளுங்கள். பொருளில் கையொப்பம் இருந்து, கையொப்பம் இல்லை என்று காகிதம் சொன்னால் விலகிவிடுங்கள். படத்தையும் பொருளையும் துளையிலிருந்து தொடங்கி ஒப்பிடுங்கள். பூவேலைப்பாட்டை நகல் எடுப்பவர்கள் துளையில்தான் சோம்பல்படுகிறார்கள். சிட்னியின் M7 சாலையில் சுங்கத்தைப் பணமாகக் கட்ட முடியாது, முன்பே பாஸ் எடுத்துவிடுங்கள். லேமினேட் செய்ததைப் பிரிக்க முயல வேண்டாம், படமும் சேர்ந்து உரியும். உங்களுக்கு ஆலோசனை சொல்பவர் நாற்பது புத்தகம் படித்தவராக இருந்தால், ஒரு வெல்டரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நேசன் வீட்டில் இருந்தேன். கிரெக் அழைத்தார். புதிதாக ஒன்று வாங்கப் போகிறாராம், சான்றிதழ் மிக நன்றாக இருக்கிறதாம், அதை இப்போதே அனுப்பி வைக்கட்டுமா, வாங்குவதற்கு முன் நேசன் ஒருமுறை பார்க்க முடியுமா என்று கேட்டார். நேசன் தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"பேப்பரை அனுப்பப் போறாராம் அண்ணை. இங்கிலீசில மரியாதையா எப்பிடிச் சொல்லுறது, முதல்ல சாமானைக் கொண்டு வாங்கோ எண்டு?"