நாலு எண்ணும் வரை

நடந்ததைத்தான் எழுதுகிறேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. நம்பாதவர்கள் இத்தோடு பக்கத்தைப் புரட்டிக்கொண்டு போகலாம், எனக்கு நஷ்டமில்லை. நானே எதையும் லேசில் நம்புகிற ஆள் கிடையாது. கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற தொழிலில் இருபத்தாறு வருஷம் ஓட்டிவிட்டேன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. மனுஷன் பொய் சொல்வான், மீட்டர் பொய் சொல்லாது. இவ்வளவுதான் நான் கற்றது.

கம்ப்யூட்டரில் புத்தகப் பக்கம் கட்டுகிற அந்த டிடிபிக்காரர் என் கடைப் படி ஏறி வந்தபோதே அவருக்கு மூச்சு வாங்கியது. கம்ப்யூட்டர் பெட்டியை மேசைமேல் வைத்தார்.

"தானா அணைஞ்சிடுது அண்ணே. எப்ப அணையும்னு சொல்லவே முடியலை."

"வேற யாராவது பார்த்தாங்களா?"

"ரெண்டு பேர். ஒருத்தர் மதர்போர்டுன்னார். இன்னொருத்தர் என் தலையெழுத்துன்னார்."

"தலையெழுத்துக்கு என்கிட்ட ஸ்பேர் கிடையாது. வச்சிட்டுப் போங்க."

சிரித்தார். ஆனால் அவசரத்தில் இருந்தார். ஆயிரத்து இருநூறு பக்க அகராதி ஒன்றைப் பக்கம் கட்டிக்கொண்டிருந்தார். மாதக் கடைசிக்குள் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். தவறினால் வேலை கைமாறிவிடும். ஆளைப் பார்த்தேன். கால் இரண்டும் வீங்கி, செருப்பு வார் சதைக்குள் புதைந்திருந்தது.

"உடம்புக்கு என்ன?"

"நெஞ்சுல கோளாறு. அது கிடக்கட்டும், முதல்ல இதைப் பாருங்க."

இப்படி அணைகிற பெட்டிக்கு நாலைந்து காரணம்தான் உண்டு. பவர் சப்ளை, சூடு, ராம், மதர்போர்டு. ஒரு நேரத்தில் ஒரு பாகத்தை மட்டும் மாற்ற வேண்டும், மாற்றிவிட்டு ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். ஆனால் எதையும் மாற்றுவதற்கு முன்பே அது என் கடையில் இரண்டு நாள் நிற்காமல் ஓடியது. அப்படியானால் அவர் வீட்டுக் கரண்டில் கோளாறு என்று முடிவு கட்டினேன். என் யுபிஎஸ்ஸைக் கொடுத்து, கையில் ஒரு நோட்டையும் திணித்தேன்.

"அணையுற நேரத்தை மட்டும் எழுதி வைங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

நாலு நாள் கழித்து நோட்டு வந்தது. 10.47. 12.20. 3.05. 6.31. ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

வியாழக்கிழமை அவர் வீட்டுக்கே போனேன். அவர் தனி ஆள். சின்ன அறை. சன்னல் வழியே நல்ல வெயில். மேசைக்குக் கீழே வலப்பக்கம் பெட்டி. அதை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். உட்காரப் போனேன்.

"அதுல வேண்டாம் அண்ணே... இதுல உட்காருங்க." வேறு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அவர் அவசரத்துக்காக, ஒவ்வொன்றாகப் பார்க்கும் என் வழக்கத்தை அன்று விட்டேன். பவர் சப்ளையை மாற்றினேன். ராமை மாற்றினேன். ஃபேனைக் கழற்றி, சூடு கடத்துகிற பேஸ்ட்டைப் புதிதாகத் தடவினேன். ஒன்றரை மணி நேரம் நானே உட்கார்ந்து ஓட்டினேன். அணையவில்லை.

2.10க்கு அவர் உட்கார்ந்தார். வீங்கிய காலைத் தூக்கி எதிரே ஒரு முக்காலியில் வைத்துக்கொண்டார்.

3.10.

'டக்.'

ஒன்று... இரண்டு... மூன்று... நான்கு. திரை இருண்டது.

'டக்.'

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். பவர் பட்டனை அழுத்திப் பிடித்தால் வரும் சத்தம். நாலு விநாடி பிடித்தால் எந்தப் பெட்டியும் அணையும். அப்புறம் விட்டால் இன்னொரு சத்தம்.

அவருடைய இரண்டு கையும் விசைப்பலகை மேல் இருந்தன. கால் முக்காலியில்.

பட்டன் ஒட்டிக்கொள்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதன் ஒயரை மதர்போர்டிலிருந்து பிடுங்கி மீட்டரில் கோத்தேன். பட்டன் அழுந்தினால் மீட்டர் கத்தும். ஒயர் இருந்த இடத்தைத் திருப்புளி முனையால் தொட்டு, பட்டன் இல்லாமலே பெட்டியை உயிர்ப்பித்தேன். 3.25க்கு அவர் மறுபடி வேலையில் மூழ்கினார். நான் பட்டனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

4.25.

பட்டன் உள்ளே போனது.

மீட்டர் கத்தியது. 'பீ............'

நாலு விநாடி. வெளியே வந்தது.

மறுபடி உள்ளே. 'பீ............'

விரல் இல்லை. ஒன்றும் இல்லை. ஸ்டூல் மட்டும்.

மறுபடி. இந்த முறை நாலு விநாடியில் விடவில்லை. பத்து... பன்னிரண்டு...

"என்ன சத்தம் அண்ணே?" திரும்பாமலே கேட்டார்.



"மீட்டர்ல... பேட்டரி போச்சு தம்பி."

இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக மீட்டர் மேல் பழி போட்டேன்.

"அட, பார்த்தீங்களா! பெட்டி அணையலை!" அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

"பட்டன்தான் கோளாறு. ஒயரைக் கழட்டிட்டேன். இனிமே சுவர் சுவிட்சைப் போட்டா தானா வரும்."

அதற்கு வேண்டியதைச் செய்தேன். சாமானைப் பையில் அள்ளிப் போட்டேன். படி இறங்கும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

ஒன்பதாம் நாள் அவர் தங்கை போன் செய்தார். அண்ணன் போய்விட்டார். நாற்காலியிலேயே. திரையில் அகராதி திறந்தபடி இருந்ததாம். முந்தின நாள் காலையில் போட்ட சுவிட்சாம், அணைக்கவே இல்லையாம்.

போனேன். அந்த அம்மா அழுதுகொண்டே சொன்னார்:

"டாக்டர் ஒரு மணி நேரத்துக்கு மேல உட்காரக் கூடாதுன்னு சொல்லியிருந்தார் ஐயா. அண்ணன் கேட்டாத்தானே? அண்ணிதான் அந்த ஸ்டூல்ல உட்கார்ந்து, மணி ஆனதும் பட்டனை அழுத்திப் பிடிச்சு நாலு எண்ணுவாங்க. 'எழுந்திரிங்க'ம்பாங்க. அண்ணி போய் ஏழு மாசம் ஆச்சு. அப்புறம் யார் இருக்கா, எழுப்பி விட?"

அணைகிற நேரத்தை மட்டும் எழுதச் சொன்னேன். உட்கார்ந்த நேரத்தை எழுதச் சொல்லவில்லை. அன்றைக்கு அவரிடம் உண்மையைச் சொல்லியிருந்தால், என்னைவிட அவருக்குச் சட்டென்று புரிந்திருக்கும்.

குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தேன்.

பட்டன் இருந்த இடத்தில் பட்டன் இல்லை. உள்ளே நொறுங்கிக் கிடந்தது. சுற்றியிருந்த பிளாஸ்டிக் வெடித்திருந்தது. அதன் பின்னால் இருந்த இரும்புத் தகடு, விரல் நுனி அளவுக்குக் குழிந்திருந்தது...