பேக்கப் இருக்கிறது, சாவி எங்கே?

1. இடமில்லை என்று சொன்ன காலை

பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையின் கணினிப் பிரிவில் நெடுங்காலம் இருந்துவிட்டு, டத்தோ கிராமாட்டில் ஒரு சிறிய சட்ட உதவி நிலையத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சேர்ந்தேன். இங்கேயே பிறந்தும் குடியுரிமை இல்லாமல் சிவப்பு ஐசி என்ற அடையாள அட்டையோடு அலைகிறவர்களுக்கு மனு போட்டுக் கொடுப்பதுதான் அந்த நிலையத்தின் வேலை. நிலையத்தை நடத்தியவர் வழக்கறிஞர் ஹமீது. முதல் நாள் நான் பையைக் கீழே வைப்பதற்குள் தம் அறையிலிருந்து கூப்பிட்டார்.

அவர் எதிரே லெட்சுமி என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். சுங்கை பாக்காப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவள். பெற்றோரின் திருமணம் பதிவாகவில்லை. அம்மா இவள் கைக்குழந்தையாக இருந்தபோதே இறந்துவிட்டார். அம்மாவின் கிளினிக் அட்டை, தோட்டத்து நர்ஸ் எழுதிக் கொடுத்த சாட்சி, குழந்தையை அம்மா இடுப்பில் வைத்திருக்கும் ஒரு போட்டோ. இவ்வளவுதான் அவள் கொண்டுவந்தது. ஹமீது அசலைப் பார்த்து உறுதி செய்து, ஸ்கேன் எடுத்து, டேட்டாபேஸில் சேர்க்கப் போனால் அது ஏற்கவில்லை.

“ஸ்டெல்லா, லிமிட்டு முடிஞ்சி போச்சின்னு சொல்லுது. கொஞ்சம் தூக்கி விடுங்க லா.”

தூக்குவது சுலபம், ஒரு எண்ணை மாற்றினால் போதும். ஆனால் இட வரம்பான கோட்டாவைத் தொடுமுன் பேக்கப்பைப் பார்ப்பது எனக்குத் தொழிற்சாலையில் வந்த பழக்கம். பார்த்தேன். பேக்கப் போகும் டிஸ்க் நிரம்பி வழிந்ததால், ஒவ்வொரு நாளும் பேக்கப் பாதியிலேயே நின்றுகொண்டிருந்தது. எச்சரிக்கை மெயில்கள் எல்லாம், எப்போதோ வேலையை விட்டுப் போன ஒருவரின் பெட்டிக்குப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தன. நிலையத்தை நம்பி வந்த அத்தனை பேருடைய பத்திரங்களுக்கும் ஒரே பிரதிதான் இருந்தது.

லெட்சுமிக்காக மட்டும் கோட்டாவைச் சற்றே உயர்த்தி, அவளுடைய கோப்பைச் சேர்த்தோம். அவள் அசல்களை எடுத்துக்கொண்டு பஸ் பிடிக்கப் போன பிறகு ஹமீதிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர், நான் காலையில் சாப்பிட்டேனா என்று கேட்டார். இதை வெறும் வயிற்றோடு பேச முடியாது என்று எதிர்க்கடையில் ரொட்டி சானாய் சொல்லிவிட்டார்.

2. வெள்ளைத் தாளுக்கும் பூட்டு

அந்த டேட்டாபேஸ் முழுவதும் என்கிரிப்ட் செய்யப்பட்டது. உள்ளே என்ன இருக்கிறது என்று அட்மினான எனக்கே தெரியாது. எந்த டாக்குமெண்ட் எவ்வளவு பெரியது என்று மட்டும் தெரியும். சாதாரணக் கோப்புகளை பேக்கப் சாஃப்ட்வேர் நன்றாகச் சுருக்கிவிடும். என்கிரிப்ட் ஆனவை அப்படிச் சுருங்காது. அதனால்தான் டிஸ்க்கில் இடம் போதும் என்று போட்ட கணக்கு தப்பிப்போயிருந்தது.

ஹமீதையே உட்காரவைத்து, பெரிய டாக்குமெண்ட்களை அவருடைய சாவியால் திறக்கச் சொன்னேன். முதலில் திறந்ததில் பாதிப் பக்கங்கள் வெறும் வெள்ளை. அடுத்ததிலும் அப்படியே. ஸ்கேனர் இரு பக்கமும் எடுக்கும்படி, கலரில், அதிகபட்சத் தரத்தில் வைக்கப்பட்டிருந்தது. தாளின் காலியான பின்பக்கத்தையெல்லாம் அது அக்கறையோடு படமெடுத்து வைத்திருந்தது.

“வெள்ளத் தாளுக்கும் பூட்டு போட்டு காவல் காத்திருக்கோம் போல” என்று ஹமீது சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

காலிப் பக்கங்களை நீக்கினோம். அழித்ததும் இடம் தானாகத் திரும்பிவிடாது. டேட்டாபேஸை கம்பெக்ட் செய்து இறுக்கினால்தான் கைக்கு வரும். அதையும் செய்தேன். கோட்டா நிரம்புவதற்கு முன்பே எங்கள் இருவருக்கும் மெயில் வரும்படி வைத்தேன். இரண்டு புதிய டிஸ்க் வாங்கி, மாற்றி மாற்றி ஒன்று எப்போதும் என் வீட்டில் இருக்கும்படி ஏற்பாடு செய்தேன்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் பேக்கப்பை வேறொரு கணினியில் ரிஸ்டோர் செய்து பார்த்தேன். டேட்டாபேஸ் முழுசாக வந்தது. ஆனால் திறக்கவில்லை. சாவி கேட்டது. அந்தச் சாவியான கீ ஃபைல் உலகத்திலேயே ஓர் இடத்தில்தான் இருந்தது: ஹமீதின் லேப்டாப்பில். அதுவோ அவருடைய மோட்டார் சைக்கிளில் மழையிலும் வெயிலிலும் ஊர் சுற்றிக்கொண்டிருந்தது.

கீ ஃபைலுக்குப் பிரதி எடுத்து இரும்புப் பெட்டியில் வைக்க வேண்டும் என்றேன். அவர் முகம் சுருங்கியது.

“என்ன நம்பலியா ஸ்டெல்லா?”

“உங்கள நம்புறேன் பாஸ். லேப்டாப்பதான் நம்பல.”

முணுமுணுத்துக்கொண்டே கீ ஃபைலை ஒரு தம்ப் டிரைவில் ஏற்றி நீட்டினார்.

3. ஏர்கோன் தண்ணீர்

சில மாதங்கள் கழித்து ஒரு திங்கட்கிழமை கதவைத் திறந்தால், அலுவலகத்தில் கருகிய வாடை. வார இறுதியில் ஏர்கோன் ஒழுகி, சர்வர் அலமாரிக்குள் தண்ணீர் இறங்கியிருந்தது. அலமாரியின் மேல் சார்ஜில் வைத்திருந்த ஹமீதின் லேப்டாப்பும் போயிருந்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

அந்நேரம் பார்த்து லெட்சுமி வந்தாள். மறுநாள் அவளுக்குப் பதிவு இலாகாவில் நேர்முகம்.

“வீட்டுக்குள்ள வெள்ளம் வந்துருச்சிக்கா. பேப்பருங்க, போட்டோ எல்லாம் கூழாப் போச்சி. இங்க இருக்குல்ல?”

“இருக்கு, உட்காரும்மா” என்றேன். முதலில் போலீஸ் ரிப்போர்ட் எழுதியாயிற்றா என்று கேட்டேன். எழுதிக் கொண்டுவந்திருந்தாள்.

வீட்டுக்குப் போய் டிஸ்க்கை எடுத்து வந்து, உதிரிக் கணினியில் ரிஸ்டோர் செய்தேன். ஹமீது இரும்புப் பெட்டியிலிருந்து தம்ப் டிரைவை எடுத்தார். பாஸ்வேர்ட் அடித்தார்; தவறு என்றது. மறுபடி அடித்தார், தவறு. கீபோர்டை எட்டிப் பார்த்தேன். கேப்ஸ் லாக் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதை அணைத்துவிட்டு, பொறுமையாக அடிக்கச் சொன்னேன். திறந்தது.

கிளினிக் அட்டை வந்தது, நர்ஸின் சாட்சி வந்தது. போட்டோ திரையில் தெரிந்ததும் லெட்சுமி எழுந்து பக்கத்தில் வந்து நின்றாள்.

“அம்மாவோட படம் இது ஒண்ணுதான்க்கா. இத மட்டும் பெருசா ஒரு காப்பி போட்டுக் குடுங்க” என்றாள். தடித்த தாளில், கலரில், உயர்ந்த தரத்தில் அச்செடுத்துக் கொடுத்தேன்.

மறுநாள் அதிகாரி அசல் எங்கே என்று கேட்டிருக்கிறார். ஹமீது போலீஸ் ரிப்போர்ட்டையும், தாம் உறுதி செய்த நகல்களையும் காட்டி விளக்க, ஏற்றுக்கொண்டார். மனு நகர்ந்தது.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கோட்டாவை உயர்த்துமுன் என்ன நிரம்பியிருக்கிறது என்று பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்பாதீர்கள். சாவிக்குப் பிரதி இல்லையென்றால், என்கிரிப்ட் செய்த பேக்கப் எத்தனை இருந்தாலும் ஒன்றும் இல்லாததற்குச் சமம்.

குடிமக்களுக்கான நீல ஐசி கிடைத்த அன்று லெட்சுமி நேராக எங்களிடம்தான் வந்தாள். இனிப்பு ஒரு கையில், அட்டை மறு கையில். ஹமீது அட்டையை வாங்கி, அவள் பெயரைச் சத்தமாகப் படித்தார். பிறகு அவள் அதை என்னிடம் நீட்டினாள்.

“அக்கா, மொதல்ல இத உள்ள போட்டு வைங்க. அப்புறம்தான் வீட்டுக்குக் கொண்டு போவேன்.”