மணவறையிலை கேட்ட சத்தம்

மற்றவையின்ரை வயித்துச் சத்தத்தைக் கேட்டுச் சம்பளம் வாங்கிறதுதான் என்ரை தொழில். எதைத் திண்டால் வயிறு ஊதும், எதைத் திண்டால் ஊதாதெண்டு தெல்லிப்பழையிலை ஒரு தனியார் கிளினிக்கிலை சொல்லுற மிஸ்ஸி நான். வயிறு பொருமி அனுபவிச்ச ஆக்களுக்கு இது விளங்கும்.

மணி கோத்த கதை

இனிப்பிலை கனக்கச் சாதி இருக்கு. குளுக்கோஸும் பழத்திலை இருக்கிற பிரக்டோஸும் மாலையிலை ஒற்றை மணி மாதிரி. அந்த ரெண்டும் சோடி சேர்ந்தால் சீனி. பாலிலை வேறை சோடி, லக்டோஸ். பருப்பு, கௌபிப் பயறு, வெங்காயத்துக்குள்ளை மூண்டு நாலு மணி கோத்துக்கொண்டு இருக்கிறதுகள்தான் வில்லங்கம். அதுகளை வெட்ட எங்கடை குடலிலை கத்திரிக்கோல் இல்லை. கீழை கிடக்கிற கிருமியள் திண்டு காத்து விடும். கிளினிக்குக்கு வாறவைக்கு இதைக் காட்ட, பேத்தியின்ரை அறுந்த மாலையை (அவள் அழுத கதை வேறை, விடுங்கோ) ஒண்டு, ரெண்டு, நாலாய்க் கோத்து வைச்சிருந்தனான். மருந்துக்கு வந்த குருநகர் அந்தோனியம்மா நாலு மணியைக் கையிலை எடுத்து முத்தம் குடுத்துப்போட்டு, "மிஸ்ஸி, செபமாலையெண்டால் பத்துப் பத்தாய் மணி வரவேணும். உங்களை ஆரோ ஏமாத்திப்போட்டாங்கள்" எண்டா.

வெங்காயத் தாள்

உடுவில் சிவராசா வெங்காயத் தோட்டம் செய்யிறவர். அடுத்த மாதம் மகளுக்குக் கலியாணம், தாரைவார்க்கத் தகப்பன் மணவறையிலை இருக்கவேணும். "அக்கா, மேளம் நிக்கேக்கை என்ரை வயிறு சத்தம் போடத் துவங்கினால், மாப்பிள்ளை வீட்டாற்றை முகத்திலை நான் எப்பிடி முழிக்கிறது?" எண்டு அழாத குறை.

பருப்பை உடனை விட்டார். வெங்காயத்தை விட மாட்டாராம். பச்சைத் தாளிலை அந்த நீட்டு மணிக்கோவை பெரிசாய் இல்லை, அதை மட்டும் போட்டுச் சொதி வையுங்கோ எண்டன். கொஞ்ச நாளிலை வயிறு அடங்கிப்போச்சு. ஆனால் மனிசி கோவத்தோடை வந்து நிண்டா: "தோட்டத்திலை நிண்ட தாளெல்லாத்தையும் அறுத்துத் திண்டிட்டார் மிஸ்ஸி. தாள் இல்லாமல் வெங்காயத்தை நான் எதாலை பிடி பிடியாய் முடிஞ்சு கட்டுறது?"

மேளம் நிண்ட நேரம்

கலியாணத்தண்டு நான் மணவறைக்குக் கிட்டத்தான் இருந்தனான். தாரைவார்க்க மேளம் நிண்டுது. அந்த நேரம் பார்த்து ஒரு நீட்டுச் சத்தம். சபை முழுக்கச் சிவராசாவைப் பார்த்துது. சத்தம் வந்த இடம் எனக்குத் தெரியும்: எதிரிலை இருந்த மாப்பிள்ளையின்ரை தகப்பன், காலமை உழுந்து வடையை வாரி வாரித் திண்டவர். அந்தாளின்ரை முகம் செத்துப்போச்சு. சிவராசா அவரை ஒருக்காப் பார்த்தார். பிறகு சபையைக் கும்பிட்டு, "குறை நினையாதேங்கோ, என்ரை பழைய வருத்தம்" எண்டார்.

பந்தியிலை, "ஏன் தம்பி அப்பிடிச் சொன்னனீர்?" எண்டு காதுக்குள்ளை கேட்டன். "நாளைக்கு அந்த வீட்டிலை வாழப்போறது என்ரை பிள்ளையெல்லே அக்கா."

என்ரை வைத்தியம் இவ்வளவு வடிவாய்ப் பலிச்சது வேறை ஆருக்குமில்லை, ஆனால் உடுவில் முழுக்க அது பலிக்கேல்லை எண்டுதான் கதைக்கினம்.